கமிஷன் தாளிலிருந்து தொடங்குங்கள்: வணிகக் கட்டடத் தரகு நிறுவனத்தை நடத்த வரும் புதியவருக்கு

அலுவலகம், கடை, கிடங்கு என்று வணிகக் கட்டடங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிற தரகு நிறுவனம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நிறுவனம் மாதிரிதான் தெரியும். ஒரே பெயர்ப்பலகை, ஒரே மாதிரி விசிட்டிங் கார்டு. உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் விஷயம் புரியும்: ஒரே கூரையின் கீழ் பத்துப் பதினைந்து தனிக்கடைகள். ஒவ்வொருவருக்கும் தன் வாடிக்கையாளர், தன் போன், தன் கணக்கு. மாதச் சம்பளக்காரர்களை நடத்திப் பழகியவர் இங்கே வந்து "நான் சொன்னதைச் செய்" என்றால் செல்லாது. அடுத்த மாதமே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். வாடிக்கையாளரும் பின்னாலேயே போய்விடுவார்.

ஒன்பது பேர் இருந்த ஒரு நிறுவனத்தை, அதைத் தொடங்கிய பெரியவரிடமிருந்து பொறுப்பேற்று, முப்பது பேர் வரை கொண்டுபோனவன் நான். நடுவில் இரண்டு முறை நன்றாகவே இடறினேன். டீல் முடிப்பதில் கெட்டிக்காரர் என்ற ஒரே காரணத்துக்காகத் தலைமைப் பொறுப்பு கையில் வந்து விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாருக்கு எவ்வளவு கமிஷன், எப்போது என்று எழுதி வைத்திருக்கிற அந்த ஒரு தாள்தான் இந்த நிறுவனத்தை உண்மையில் நடத்துகிறது. நீங்கள் அதற்கு அடுத்தபடிதான். வளர்ச்சியோ மாற்றமோ, அந்தத் தாளில் ஏறாத எதுவும் அலுவலகத்தில் நடக்காது.

முதல் வாரம்: அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள்

பல சிறிய நிறுவனங்களில் அப்படி ஒரு தாளே இருக்காது. "நம்ம ஆளுங்கதானே, பேசிக்கலாம்" என்று ஓடிக்கொண்டிருக்கும். நான் பொறுப்பேற்றபோது ஒன்பது பேருக்கு ஏழு விதமான ஏற்பாடு இருந்தது. அதில் நான்கு வாய்மொழி. எனவே முதல் வேலை, ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து "உங்களுக்கும் நிறுவனத்துக்கும் என்ன பங்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்வது. அந்த வாரம் எதையும் மாற்றாதீர்கள், எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

பங்கீடு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு குத்தகை முடிந்து 100 கமிஷன் வருகிறது. நிறுவனம் 50 எடுத்துக்கொள்கிறது. மீதி 50ஐ வாடிக்கையாளரைக் கொண்டுவந்தவரும் வேலையை முடித்தவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். கொண்டுவந்தவருக்குப் பாதி, முடித்தவருக்குப் பாதி என்று வைத்தால் ஆளுக்கு 25. இப்போது மூன்றாவதாக ஒருவர், கிடங்குகள் பற்றி நன்றாகத் தெரிந்தவர், இரண்டு நாள் கூடவே அலைந்து சரியான கட்டடத்தைக் காட்டிக்கொடுத்தார். அவருக்கு என்ன? தாளில் பதில் இல்லையென்றால் ஒரு தேநீரும் ஒரு நன்றியும்தான். அடுத்த முறை அவரைக் கூப்பிட்டால் "சார், இன்னைக்குக் கொஞ்சம் பிஸி" என்பார். அவர் கெட்டவர் இல்லை. தாள் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இன்னொன்று, படிப்படியாக ஏறும் பங்கு. ஆண்டுத் தொடக்கத்தில் தரகருக்கு 50 சதவீதம். ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் 60. அதையும் தாண்டினால் 70. அடுத்த ஆண்டு மறுபடி 50இலிருந்து. இது பரவலாக உள்ள முறை, உழைப்பவரைத் தட்டிக்கொடுக்கும் முறையும்கூட. ஆனால் ஆண்டின் கடைசி மாதத்தில் அலுவலகத்தைக் கவனியுங்கள். 70க்கு வந்துவிட்டவர், வாடிக்கையாளர் இன்னும் இரண்டு வாரம் யோசிக்கட்டுமா என்றாலும் விடமாட்டார், இன்றே கையெழுத்து என்று நெருக்குவார். 60ஐத் தொட முடியாதவர் கையில் இருப்பதை மெதுவாக அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார். இரண்டிலும் வாடிக்கையாளருக்கு எது நல்லது என்ற கேள்வி காணாமல் போகிறது. பங்கு ஏறும் படிகளைக் கடந்த பன்னிரண்டு மாத வசூலை வைத்துக் கணக்கிட்டால் இந்தக் கூத்து பெருமளவு அடங்கிவிடும். கணக்காளர் முதலில் முணுமுணுப்பார், அப்புறம் பழகிவிடுவார்.

"அந்த கிளையன்ட் என்னுடையவர்"

வளர்கிற நிறுவனத்தில் முதலில் வெடிப்பது இதுதான். என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூத்த தரகர் ஒருவர் ஏதோ கண்காட்சியில் ஒரு மருந்து நிறுவனத்தின் நிர்வாகியைச் சந்தித்து, கார்டு வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். பதினான்கு மாதம் கழித்து அதே நிர்வாகி அலுவலக எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பெண். மூன்று மாதம் அலைந்து, பதினொரு கட்டடம் காட்டி, டீலை முடித்தார். கையெழுத்தான மறுநாள் மூத்தவர் அந்தக் கார்டை என் மேசையில் வைத்தார். ரப்பர் பேண்டின் தழும்பு அதில் இன்னும் இருந்தது.

"சார், இவரை முதல்ல பார்த்தது நான்."

விதி எதுவும் எழுதி வைக்காததால் நான் நாட்டாமை பண்ண வேண்டியதாயிற்று. பெண்ணுக்கு முழுப் பங்கு, மூத்தவருக்கு நிறுவனத்தின் பங்கிலிருந்து சிறு தொகை என்று தீர்ப்பு. இரண்டு பேருமே ஓர் ஆண்டுக்கு என்னிடம் சரியாகப் பேசவில்லை. தீர்ப்பு நியாயமாக இருந்தாலும் சண்டைக்குப் பிறகு வருகிற தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகத்தான் தெரியும். அதனால் சண்டை வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எங்கள் விதி பிறகு இப்படி ஆனது: ஒரு வாடிக்கையாளர் உங்கள் பெயரில் இருக்க வேண்டுமானால், கடந்த 90 நாளில் அவரோடு நடந்த பேச்சு ஏதாவது ஒன்று பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பொதுச்சொத்து. கார்டு, நினைவு, "போன வாரம்கூட அவரைப் பற்றி நினைச்சேன்" எதுவும் செல்லாது.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, அலுவலகத்துக்குத் தானாக வருகிற அழைப்பு யாருக்குப் போகிறது என்பது. முன்பு அவை என் மேசைக்குத்தான் வரும். நல்லதை நான் வைத்துக்கொண்டு மீதியைப் பிரித்துக்கொடுப்பேன். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், பாதி உண்மையும்கூட. தலைவர் தன் ஆட்களோடு டீலுக்குப் போட்டி போட்டால் அன்றே ஆட்டம் முடிந்தது. பழைய வாடிக்கையாளர் இரண்டு மூன்று பேரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், சந்தையின் நாடி தெரிய வேண்டுமே. புதிதாக வருவது எதையும் தொடாதீர்கள். வரிசை முறை வைத்து, யாருக்கு எது போனது என்பதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிவையுங்கள்.

பணம் வருகிற நாளை எண்ணுங்கள்

பெரிய அலுவலகக் குத்தகை ஒன்று முதல் பேச்சிலிருந்து கையெழுத்து வரை ஆறு மாதம், ஓர் ஆண்டு, சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும். அப்புறமும் கமிஷன் ஒரேயடியாக வராது. பாதி கையெழுத்தில், மீதி வாடிக்கையாளர் குடியேறும்போது அல்லது வாடகை தொடங்கும்போது என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். ஆனால் உங்கள் அலுவலக வாடகையும் சம்பளமும் மாதா மாதம் தவறாமல் வரும். ஆகவே வளரும்போதுதான் பணத்தட்டுப்பாடு அதிகம். புதுத் தரகர் ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து செலவு. அவர் மூலம் முதல் காசு வர ஓர் ஆண்டாவது ஆகும்.

என் முதல் இடறல் இங்கேதான். "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு சார்" என்று சொல்லப்பட்ட மூன்று டீல்களை நம்பி நான்கு பேரை வேலைக்கு எடுத்தேன். ஒன்றில் வாடிக்கையாளரின் தலைமையகம் விரிவாக்கத்தையே நிறுத்தியது. இன்னொன்றில் கட்டட உரிமையாளர் கடைசி நேரத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவது முடிந்தது, ஆனால் பணம் ஏழு மாதம் கழித்து வந்தது. எடுத்த நான்கு பேரில் இரண்டு பேரை நான்காவது மாதமே அனுப்ப வேண்டியதாயிற்று. வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவர்கள். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொன்ன அரைமணி நேரம் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து வரவை மூன்று பத்தியாக எழுதுகிறேன். கையெழுத்தாகி, பணம் மட்டும் பாக்கி. நிபந்தனைகள் ஒத்துக்கொண்டு, ஒப்பந்தம் வக்கீலிடம். வெறும் பேச்சு. முதல் பத்தியை வைத்து மட்டும்தான் செலவுக்கு முடிவு எடுக்கலாம். இரண்டாவதில் பாதியை எண்ணுங்கள். நம்பிக்கை அதிகம் உள்ளவர்கள்கூடப் பாதிதான். மூன்றாவது மனசைத் தேற்றிக்கொள்ள. இடத்தை எடுக்க விரும்புகிறோம் என்று வாடிக்கையாளர் எழுதித் தரும் விருப்பக் கடிதம் கையில் வந்தாலும் அது இரண்டாவது பத்திதான், பெரும்பாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. கையில் ஆறு மாத நிலையான செலவுக்குப் பணம் இல்லாமல் ஒரு மேசைகூடக் கூடுதலாகப் போடாதீர்கள்.

புதியவர்களுக்குக் கமிஷனிலிருந்து கழித்துக்கொள்ளும் முன்பணம் கொடுப்பது வழக்கம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உச்சவரம்பு வையுங்கள். ஒன்றரை ஆண்டு முன்பணம் வாங்கியவர் முதல் டீலை முடித்த நாளன்று கையில் ஒன்றும் மிஞ்சாது என்று கண்டுபிடித்தால் என்ன செய்வார்? கடனோடு கிளம்புவார். அந்தக் கடனை யாரும் வசூலித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரிய பெயர் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். 1958இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பிய கிரப் அண்ட் எல்லிஸ் என்ற வணிகக் கட்டடத் தரகு நிறுவனம், 2012 பிப்ரவரியில் திவால் மனுப் போட்டது. அதன் தொழிலை வாங்கியவர்கள் அதை நியூமார்க் என்ற இன்னொரு தரகு நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அரை நூற்றாண்டுப் பெயர் சில ஆண்டுகளில் மறைந்து போயிற்று.

தலையில் இருப்பதை ஏட்டில் ஏற்றுவது

தரகு நிறுவனத்தின் சரக்கு என்ன? கட்டடம் இல்லை, அது வேறொருவருடையது. தகவல்தான் சரக்கு. அதிலும் குறிப்பாகத் தேதிகள். எந்தக் கட்டடத்தின் எந்தத் தளத்தில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு பரப்பு, என்ன வாடகை, குத்தகை எப்போது முடிகிறது, இடையில் வெளியேற முடியாத காலம் எதுவரை, புதுப்பிக்க எத்தனை மாதம் முன்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வாடகை எப்போது எவ்வளவு ஏறும். இந்த ஏழும் இருந்தால் போதும். பெரிய அலுவலகத்தைக் காலி செய்வதா, இருப்பதா என்று யோசிக்க நிறுவனங்களுக்கு ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு வேண்டும். அந்த நேரத்தில் கதவைத் தட்டுபவருக்குத்தான் வேலை. நோட்டீஸ் தேதி தாண்டிய பிறகு தட்டுபவருக்கு "ஏற்கெனவே பேசிட்டிருக்கோம்" என்ற பதில்தான்.

பெரியவரிடம் இதெல்லாம் ஒரு தடித்த டைரியில் இருந்தது. ஓரங்களில் பென்சிலால் "மகள் கல்யாணம் மார்ச்", "புது இயக்குநர், பேச்சு குறைவு" என்று குறிப்புகள். எந்த மென்பொருளிலும் அவ்வளவு நல்ல பதிவை நான் பார்த்ததில்லை. ஆனால் அது ஒரே ஒரு டைரி. அவர் மருத்துவமனையில் இருந்த மூன்று வாரம் நிறுவனம் கண்ணில்லாமல் நடந்தது.

மென்பொருள் வாங்குவது சுலபம், நிரப்பவைப்பதுதான் பாடு. தரகருக்கு அந்தத் தகவல்தான் காப்பீடு. நாளைக்கே வெளியே போனால் கையில் இருப்பது அது ஒன்றுதான். கெஞ்சினேன், கூட்டம் போட்டேன், பரிசு கொடுத்தேன். எட்டு மாதத்தில் பாதிகூட நிரம்பவில்லை. கடைசியில் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: ஏழு கட்டங்களும் நிரம்பாத டீலுக்குக் கமிஷன் காசோலை போகாது. ஆறு வாரத்தில் நிரம்பியது. ஏழு என்ற எண்ணிக்கையை மட்டும் விடாதீர்கள். நாற்பது கட்டம் வைத்தால் பாதியில் பொய்தான் எழுதுவார்கள்.

பரப்பளவில் ஒரு எச்சரிக்கை. சுவருக்குள் உள்ள இடம், பொது நடைபாதையில் பங்கு சேர்த்த இடம், கட்டடம் முழுமைக்கும் பங்கு சேர்த்த இடம் என்று ஒரே தளத்துக்கு மூன்று எண் இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அலுவலகங்களுக்கான சர்வதேச அளவை முறையையே 2014இல் வெளியிட்டார்கள். உங்கள் ஏட்டில் எந்த முறை என்று எழுதாத எண் வெறும் எண்தான்.

யாரை முதலில் எடுப்பது

தரகரை இல்லை. முதலில் அலுவலக வேலை பார்க்கும் ஒருவர்: ஒப்பந்த நகல், பில், கட்டட விவரத்தாள், வரவேண்டிய பணத்தைத் துரத்துவது. நல்ல தரகர் ஒருவர் வாரத்தில் ஒன்றரை நாளை இதற்குத்தான் செலவிடுகிறார் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவரை விடுவிப்பது, பாதித் தரகரைப் புதிதாக எடுத்ததற்குச் சமம். அதற்கடுத்து சந்தைத் தகவலைத் திரட்டி ஏட்டைப் பராமரிக்கும் ஆள். அதற்கப்புறம்தான் இளம் தரகர்கள், அவர்களையும் மூத்தவர் ஒருவரோடு ஜோடி சேர்த்து.

ஜோடி சேர்ப்பது சொல்லச் சுலபம். மூத்தவருக்கு அதில் என்ன லாபம் என்பதையும் தாள் சொல்ல வேண்டும். இளையவர் முடிக்கும் டீலில் நிறுவனத்தின் பங்கிலிருந்து 5 சதவீதம், இரண்டு ஆண்டுக்கு, மூத்தவருக்கு என்று வைத்தோம். மறுநாளே சொல்லிக்கொடுக்கும் ஆர்வம் எங்கிருந்தோ வந்தது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நேரத்தைக் கொடுத்தவருக்கு அதன் விலை போக வேண்டும்.

போட்டி நிறுவனத்தின் நட்சத்திரத் தரகரை அதிகப் பங்கு கொடுத்து இழுப்பது பற்றி: செய்யலாம், ஆனால் அவருக்கு 70 கொடுத்ததை மற்றவர்கள் ஒரு வாரத்துக்குள் தெரிந்துகொள்வார்கள். ரகசியம் என்று ஒன்று தரகு அலுவலகத்தில் கிடையாது; தகவலைக் கறப்பதுதானே அவர்கள் தொழில். எல்லோருக்கும் திறந்துள்ள படிகளில் அவர் நிற்க முடியும் என்றால் எடுங்கள், தனிப் படி கட்ட வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

ஒரே மேசையில் இரு பக்கமும்

ஐந்து பேர் இருக்கும்போது இந்தச் சிக்கல் அபூர்வம். முப்பது பேரானால் வாரம் ஒரு முறை வரும். உங்களில் ஒருவர் கட்டட உரிமையாளருக்காக வாடகையை ஏற்றப் பார்ப்பார். அடுத்த இருக்கைக்காரர் அதே கட்டடத்துக்கு வரும் வாடிக்கையாளருக்காகக் குறைக்கப் பார்ப்பார். இரண்டு கமிஷனும் நம் வீட்டுக்கே என்று மகிழத் தோன்றும். ஆசையை அடக்குங்கள்.

இன்று சிபிஆர்இ என்று அறியப்படும் பெரிய தரகு நிறுவனத்தின் வேர் 1906இல் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் குலைத்துப் போட்ட ஆண்டு. வீடு வாசல் இழந்தவர்களிடம் தரகர்களே அடிமாட்டு விலைக்கு நிலத்தை வாங்கி விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், கோல்பர்ட் கோல்ட்வெல் என்ற இளைஞர், தரகர் தன் சொந்தக் கணக்கில் வாங்கி விற்கக் கூடாது என்ற கொள்கையோடு கூட்டாளிகளுடன் கடை திறந்தார். அந்தக் கேள்வி நூறு ஆண்டு கழித்தும் ஓயவில்லை. கலிஃபோர்னியாவில் இரு தரப்புக்கும் ஒரே நிறுவனம் நிற்பதை எழுத்தில் தெரிவிக்கும் கட்டாயம் 2015 முதல் வணிகக் கட்டடங்களுக்கும் வந்தது. பிரிட்டனில் வணிகக் கட்டட முதலீட்டு விற்பனையில் இரு தரப்புக்கும் நிற்பதையே ஆர்ஐசிஎஸ் என்ற சொத்துத் துறைத் தொழில் அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு 2018இல் தடை செய்தது.

உங்கள் ஊர்ச் சட்டம் எதைச் சொல்கிறது என்று வக்கீலிடம் கேளுங்கள். சட்டம் அனுமதித்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள். புது வேலை எடுக்கும் முன் ஏட்டில் எதிர்த்தரப்புப் பெயரைத் தேடுங்கள். மோதல் இருந்தால் இரு தரப்புக்கும் ஒரே நாளில் எழுத்தில் சொல்லுங்கள். இரு தரகர்களும் ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்க முடியாதபடி பூட்டுங்கள். முடியாத இடத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படி விட்டுக்கொடுத்த தரகருக்கு நிறுவனம் கொஞ்சம் ஈடு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை மோதலை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

சந்தை திசை மாறும்போது

2020இல் அலுவலகங்கள் மூடப்பட்டன. திறந்த பிறகும் பல நிறுவனங்கள் பழைய அளவு இடத்தைக் கேட்கவில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. கடனில் கட்டடம் வாங்குபவர்களின் கணக்கெல்லாம் தலைகீழானது. 2019 தொடக்கத்தில் 4,700 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட வீவொர்க் என்ற பகிர்வு அலுவலக நிறுவனம், 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது. இது எதையும் எந்தத் தரகராலும் தடுத்திருக்க முடியாது. எது முதலில் காயும், எது ஈரமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் தப்பிக்கலாம்.

வட்டி ஏறினால் முதலில் காய்வது விற்பனை. வாங்குபவரும் விற்பவரும் விலையில் ஒத்துவர மாதங்கள் ஆகும். புதுக் குத்தகைகள் தள்ளிப்போகும். ஆனால் குத்தகை முடியும் தேதி பொருளாதாரத்துக்காகக் காத்திருக்காது. புதுப்பித்தல், இடத்தைக் குறைத்தல், மிச்ச இடத்தை உள்வாடகைக்கு விடுதல், வாடகையை மறுபேச்சுப் பேசுதல் என்று வேலை அங்கே இருக்கும். கட்டடப் பராமரிப்பு நிர்வாகம் கையில் இருந்தால் சிறிய தொகைதான், மாதா மாதம் வரும். நல்ல காலத்தில் யாரும் சீண்டாத வேலைகள் இவை. கணக்கு விதி மாறினாலும் இப்படித்தான்: 2019இல் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதி நடைமுறைக்கு வந்து, நீண்ட குத்தகைகள் நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் கடனாக ஏறத் தொடங்கின. காலத்தைக் குறைத்துக் கேட்கும் நிதி அதிகாரியிடம் பேச, அதைப் படித்த தரகர் வேண்டும்.

ஆட்களை வேறு துறைக்குத் திருப்புவது பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத் தரகரை "இனிமே கிடங்கு பாருங்க" என்று சொன்னால் கார்டில் பதவி மாறும், அவ்வளவுதான். கிடங்கில் கேட்கும் கேள்விகளே வேறு. தரை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும்? உத்தரத்துக்குக் கீழே எவ்வளவு உயரம் அடுக்கலாம்? சரக்கு ஏற்றி இறக்கும் கதவு எத்தனை? நீளமான லாரி வளாகத்துக்குள் திரும்ப முடியுமா? என் ஆள் ஒருவர் முதல் கிடங்குப் பார்வைக்குப் பளபளப்பான ஷூவோடு போய், நுழைவாயில் எவ்வளவு அழகு என்று சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் தரையில் குனிந்து விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மாறுகிறவருக்கு ஓர் ஆண்டு அவகாசமும் புதுத் துறையில் 10 சதவீதம் கூடுதல் பங்கும் கொடுங்கள். அந்த ஆண்டில் நிறுவனத்துக்கு லாபம் குறையும். அதற்காகத்தான் அந்த ஆறு மாதக் கையிருப்பு.

தாளையே மாற்ற வேண்டிய நேரமும் வரும். நடந்துகொண்டிருக்கும் டீல் எல்லாம் பழைய தாளின்படி, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு தொடங்குவது புதுத் தாளின்படி. மூன்று மாதம் முன்பே அறிவியுங்கள். ஒவ்வொருவரின் கடந்த ஆண்டு வருமானத்தையும் புதுத் தாளில் போட்டுப் பார்த்து, அவரவர் எண்ணோடு தனியாகப் பேசுங்கள். மொத்தக் கூட்டத்தில் அறிவித்தால், நஷ்டப்படும் இருவரின் குரல்தான் அறையை நிரப்பும்.

ஒருவர் கிளம்பும்போது

கிளம்புவார்கள். என் இரண்டாவது இடறல் அது. அதிகம் சம்பாதித்துக் கொடுத்தவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சொல்லிவிட்டுப் போனார். கோபத்தில் அவருடைய பாக்கிக் கமிஷனை நான்கு மாதம் இழுத்தடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னும் இருவர் அமைதியாக வேலை தேடத் தொடங்கினார்கள். தங்களுக்கும் இதே கதிதானே என்று. நான் இழந்தது ஒருவரை இல்லை, மூன்று பேரை.

இப்போது நடைமுறை எளிது. சொன்ன அன்றே இருவரும் உட்கார்ந்து நடப்பிலுள்ள டீல்களின் பட்டியல் போட்டுக் கையெழுத்திடுவோம். எந்தக் கட்டத்தில் உள்ள டீலுக்கு எவ்வளவு பங்கு என்று தாளில் முன்பே இருக்கும். கையெழுத்தானதற்கு முழுப் பங்கு, பணம் வரும் அன்றே. அடுத்த வேலை நாளில் அவருடைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் நானே கூப்பிடுவேன். போனவரைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. இனி யார் பார்த்துக்கொள்வார் என்பதை மட்டும் சொல்வேன்.

வாங்க வரும்போது

கொஞ்சம் வளர்ந்துவிட்டால் பெரிய நிறுவனம் ஒன்று கதவைத் தட்டும். இந்தத் துறை அப்படித்தான் பெரிதாகியிருக்கிறது. 1999இல் லண்டனின் ஜோன்ஸ் லாங் வூட்டனும் சிகாகோவின் லாசால் பார்ட்னர்ஸும் சேர்ந்து இன்றைய ஜேஎல்எல் ஆனது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோஜர் ஸ்டாபாக் 1977இல் தொடங்கிய நிறுவனத்தை 2008இல் ஜேஎல்எல் வாங்கியபோது, விலையின் பெரும்பகுதி பின்வரும் ஆண்டுகளில் தருவதாகத்தான் பேச்சு. ஏன் என்று யோசித்தால் புரியும். வாங்குபவர் வாங்குவது, என்றைக்கு வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய மனிதர்களை. அவர்கள் தங்கினால்தான் பணம்.

எங்களுக்கும் ஒரு அழைப்பு வந்தது. விலை நன்றாகத்தான் இருந்தது. பேச்சுக்கு முன் அவர்களுடைய கமிஷன் தாளைக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தது, பதினொரு பக்கம். ஏழாவது பக்கத்தில் ஒரு சிறு பத்தி: இணைப்பின் மூலம் வரும் வாடிக்கையாளர்கள் ஓர் ஆண்டுக்குப் பிறகு நிறுவனக் கணக்காகக் கருதப்படுவார்கள், அவற்றில் தரகரின் பங்கு 25 சதவீதம். அந்தப் பக்கத்தை நகலெடுத்து எல்லோர் மேசையிலும் வைத்தேன். அன்று மாலை கூட்டத்தில் யாரும் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. கண்காட்சிக் கார்டோடு என்னிடம் வந்தாரே, அந்த மூத்தவர் மட்டும் எழுந்து, "சார், அந்த 90 நாள் விதி அவங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.